பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு

திராய்லோ பவுனோவிச் தன்னுடைய கருமாதிக்குத் தானே பன்றி வாட்டிக்கொண்டிருந்த சனிக்கிழமை காலையில், வியன்னாவிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

உயிரோடு இருக்கும்போதே கருமாதி செய்துகொள்வது கிழக்கு செர்பியாவில், நெகோத்தின் பக்கத்து வ்லாக் இன மக்களின் ஊர்களில் அதிசயமில்லை. பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில். நாம் செத்தபிறகு அவர்கள் லீவு கேட்டு வாங்கி, பஸ் பிடித்து வந்து, முறைப்படி பந்தி போடுவார்கள் என்று இங்கே யாரும் நம்புவதில்லை. அதனால் அறுபது தாண்டியதும் ஆளாளுக்குத் தன் கல்லறைக் கல்லைத் தானே நட்டு, தன் பந்தியைத் தானே போட்டுவிடுகிறார்கள். இங்கே கொடுக்கிற ஒவ்வொரு பிடியும் அங்கே நமக்காகக் காத்திருக்கும். போய்ச் சேர்ந்ததும் பசியோடு நிற்க வேண்டாம். ஒரே நிபந்தனை, வாங்குகிறவர் ‘போக்தப்ரோஸ்தே’ என்று சொல்லி வாங்க வேண்டும். கடவுள் பொறுத்தருளட்டும் என்று பொருள். சொல்லாமல் தின்றால் அது வெறும் சாப்பாடு, கொடுத்தவனுக்குச் சேராது.

திராய்லோவுக்கு அறுபத்து மூன்று வயது. வியன்னாவில் முப்பத்தோரு வருஷம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர். முழங்கால் இரண்டும் தேய்ந்தபின் ஓய்வு பெற்றார். கல் நட்டுவிட்டு மூன்று வாரத்தில் வருகிறேன் என்று மனைவி ஃப்ளோரிகாவிடம் சொல்லிவிட்டுப் போன அக்டோபரில் ஊருக்கு வந்தார். முதல் கல்லில் இரண்டு பேர் உருவத்தையும் செதுக்கியவன் ஃப்ளோரிகாவைப் புருஷனைவிட அரை அடி உயரமாக்கிவிட்டான். அதைத் திருப்பி அனுப்பி இரண்டாவது கல் வருவதற்குள் மண் உறைந்துவிட்டது. மண் இளகியபோது திராட்சைக் கொடி வெட்டும் காலம். பிறகு மருந்தடிப்பு. பிறகு பிளம் பழம் உதிர்ந்தது, அதைக் காய்ச்ச வேண்டியிருந்தது. பிறகு திராட்சை பறிப்பு. இப்படியே இந்த அக்டோபர் வந்துவிட்டது.

நான் அடுத்த வீடு. காலை ஏழு மணியிலிருந்து பன்றியைக் கோத்த கம்பியின் மறுமுனையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். முற்றம் முழுக்க விறகுப் புகையும் புளித்த திராட்சைச் சக்கையின் வாடையும், அதற்கு வந்த குளவிகளும். திராய்லோவின் கையெல்லாம் கொழுப்பு. அதனால் போனை என் சட்டைப் பையில் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னார்.

“அப்பா, போன வருஷம் நீ என்னைக்கு இங்கேருந்து கிளம்பினே?” மகள் வயலெட்டா.

“சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸு. ஹங்கேரி எல்லையத் தாண்டறப்ப ஞாயித்துக்கிழமை விடிஞ்சிருச்சு. பக்கத்து சீட்டுக்காரன் அவிச்ச முட்டைய உரிச்சான், ஞாபகம் இருக்கு.”

“தேதி சொல்லுப்பா. முட்டைய விடு.”

“எல்லை தாண்டினது பதிமூணு.”

போனில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

“அப்பா, இன்னைக்குப் பதினொண்ணு.”

“அதுக்கென்ன?”

“தொடர்ந்து பன்னெண்டு மாசம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிய இருந்தா உன்னோட நிரந்தர வசிப்புரிமை போயிரும். நேத்துதான் ஆலோசனை மையத்துல கேட்டேன். நீ வந்துருவே வந்துருவேன்னு பாத்து நானும் ஏமாந்துட்டேன்.”

திராய்லோ கையைக் கால்சட்டையில் துடைத்தார். தன் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட வசிப்பு அட்டையை எடுத்து, புகைக்கு மேலாகப் பிடித்துப் பார்த்தார்.

“ரெண்டாயிரத்து இருபத்தெட்டு வரைக்கும்னு போட்டிருக்கு. தெளிவா போட்டிருக்கு. தம்பி, நீயே படிச்சுச் சொல்லு.”

“இருபத்தெட்டுதான்,” என்றேன்.

“அது அட்டையோட தேதி! போட்டோ பழசாயிரும்னு மாத்தறதுக்கு. உரிமைக்கு அது தேதி இல்லப்பா. அட்டை உன் பையிலயே இருக்கும், உரிமை போயிருக்கும்.”

“அப்ப இது என்ன, வெறும் படமா?”

“ஆமா. உன் கல்லுல இருக்கிற மாதிரி.”

பந்திக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அவர் தங்கை பெர்சிடா அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு வந்து நின்றாள். வீட்டில் எது நடந்தாலும் அது தன் காதில் விழாமல் நடக்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

“வாடகைப் பத்திரத்துல என் பேர் இருக்கு,” என்றார் திராய்லோ. “மருத்துவக் காப்பீடு இருக்கு. வாசல்ல அழைப்பு மணிக்குப் பக்கத்துல பவுனோவிச்னு எழுதியிருக்கு. முப்பத்தோரு வருஷம் அந்த ஊருக்கே சாரம் கட்டினவன் நான். என்னைத் தெரியாதா அவங்களுக்கு?”

“அவங்களுக்கு உன் பேர் வேண்டாம்பா. நீ வேணும். உன் காலு அந்த மண்ணுல பட்டிருக்கணும்.”

அப்போது வேறொரு குரல் போனைப் பிடுங்கியது தெரிந்தது. ஃப்ளோரிகா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். முந்நூறு பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

“யோவ் திராய்லோ!”

என் நெஞ்சுப் பக்கத்தில் போன் அதிர்ந்தது.

“சொல்லு, ஃப்ளோரிகா.”

“மூணு வாரம்னு சொல்லிட்டுப் போனே. இங்க பிள்ளைங்க ஒரு வகுப்பு ஏறிட்டாங்க.”

“கல்லு வேலை முடிய வேண்டாமா?”

“கல்லுக்கு என்னய்யா அவசரம்? நான் இன்னும் சாகல. என்னைக் கேக்காம என்னையும் அதுல நிக்க வெச்சிருக்கே, நான் ஒருநாளும் போடாத கோட்டைப் போட்டு. எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நான் இங்கதான். நீ எங்க?”

“இப்ப என்ன பண்ணச் சொல்றே? பந்திக்கு எண்பது பேரைக் கூப்பிட்டிருக்கேன். கருமாதிக்காரன் இல்லாம கருமாதியா?”

“வழக்கமா அப்படித்தான்யா நடக்கும்,” என்றாள் ஃப்ளோரிகா.

பெர்சிடா ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

“போனா போகட்டும்!” திராய்லோ குரலை உயர்த்தினார். “எனக்கு இங்க பதினோரு ரூமு இருக்கு. வாசல்ல ரெண்டு கல்லுச் சிங்கம் இருக்கு. அங்க என்ன இருக்கு, ஒண்ணரை ரூமும் லிஃப்ட் இல்லாத மாடியும். உரிமை போனா விசா இல்லாமலே வந்து பாத்துட்டுப் போறேன்.”

“வரலாம்பா,” என்றாள் வயலெட்டா. “நூத்தி எம்பது நாளுக்குள்ள தொண்ணூறு நாள். உன் சொந்தக் கட்டில்ல மூணு மாசம் விருந்தாளியா படுத்துட்டு எழுந்து போகணும். அம்மா நாளெண்ணிட்டு உக்காந்திருக்கணும்.”

“நான் எண்ண மாட்டேன்,” என்றாள் ஃப்ளோரிகா. “நாளைக்குள்ள நீ ஒன்றியத்து மண்ணை மிதிக்கலேன்னா, மணிக்குப் பக்கத்துல இருக்கிற உன் பேரைக் கத்தியால சுரண்டி எடுத்துருவேன். ஃப்ளோரிகான்னு மட்டும் எழுதி வெச்சுக்கறேன்.” போன் அணைந்தது.

திராய்லோ பன்றியைச் சுற்றினார். பதினோரு அறை என்று சொன்னாரே, அந்த வீட்டுக்குள் நான் அந்த வருஷம் முழுக்கப் போய் வந்திருக்கிறேன். மாடியில் சோபாக்களுக்கு இன்னும் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை. கீழே சமையலறையில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர். ஜன்னலில் ஒரு கடிகாரம், ஃப்ளோரிகா வேலை முடித்து வீட்டுக்கு வரும் நேரம் பார்க்க.

“வியன்னா பஸ்ஸு எப்ப தம்பி?” என்றார் மெதுவாக.

“திங்கட்கிழமைதான். எல்லையத் தாண்டறதுக்குள்ள செவ்வாய் ஆயிரும்.”

“அப்ப முடிஞ்சுது.”

பெர்சிடாவுக்குத்தான் தோன்றியது. “அண்ணே, ஒன்றியத்து மண்ணுன்னுதான அண்ணி சொன்னாங்க, வியன்னா மண்ணுன்னு சொல்லலையே? பல்கேரியாவும் ஒன்றியந்தானே?”

மூன்று பேரும் கிழக்கே பார்த்தோம். முற்றத்துச் சுவருக்கு அப்பால் திமோக் ஆற்றின் மேல் பனி இன்னும் விலகவில்லை. அதற்கு அந்தப் பக்கம் நெட்டை மரங்களின் உச்சி தெரிந்தது. அது பல்கேரியா. காரில் அரை மணி நேரம்.

“அதுவா?” என்றார் திராய்லோ. “அங்கேருந்து நாங்க தொண்ணூத்தி மூணுல ராத்திரி படகுல பெட்ரோல் கடத்தினோம். அது எப்படி ஐரோப்பா ஆகும்?”

வயலெட்டாவைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டோம். ஆகும் என்றாள். ஒரு நாள் போய் மிதித்தாலும் போதும், மறுபடி முதலிலிருந்து பன்னிரண்டு மாதம் எண்ணுவார்கள். ஆனால் போனால் மட்டும் பற்றாது. “ஆதாரம் வேணும்ப்பா. உன் பேரும் தேதியும் போட்ட காகிதம். பாஸ்போர்ட்டுல முத்திரை வாங்கிக்கோ. நாளைக்கு யாராவது கேட்டா வாயால சொல்றது செல்லாது.”

பந்தி நன்றாக நடந்தது. முதலில் எல்லோரும் கல்லறை மேட்டுக்குப் போய்க் கல்லைப் பார்த்தோம். ஆளுயரக் கறுப்புக் கல்லில் திராய்லோ கோட்டு சூட்டோடு நின்றார், பக்கத்தில் ஃப்ளோரிகா சரியாகத் தோள் உயரத்தில். பிறந்த வருஷம் இரண்டு பேருக்கும் செதுக்கியிருந்தது, அதன் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு வெற்றிடம். பாதிரியார் திராட்சை மதுவை ஊற்றினார். பிறகு முற்றத்தில் நீள மேசைகள்: கோழிச் சாறு, முட்டைக்கோஸில் சுருட்டிய இறைச்சி, வெள்ளைப் பாலாடைக் கட்டி, பெர்சிடாவின் வளைய ரொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி. திராய்லோ உட்காரவேயில்லை. தட்டைக் கையில் வைப்பார், வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் வாய் நிறைய இறைச்சியோடு தலையை ஆட்டினேன். விடவில்லை.

“தலைய ஆட்டினா மேல கேக்காது தம்பி. முழுங்கிட்டுச் சொல்லு.”

“போக்தப்ரோஸ்தே,” என்றேன்.

“அப்படி.”

எண்பது பேரிடமும் இப்படி வாங்கினார். சாயங்காலம் தொண்டை கட்டியிருந்தது, ஆனால் முகத்தில் நிம்மதி இருந்தது. கடைசி ஆள் போனதும் என்னிடம் வந்து, “நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வண்டிய எடுப்பியா? சும்மா ஒரு சுத்து,” என்றார். பிளம் சாராயத்தில் அவர் இருந்த இருப்புக்கு, மறுநாள் மதியம் வரை அவரை ஓட்டவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கே என் வாசலில் நின்றார். மழுங்கச் சவரம் செய்து, கல்லில் போட்டிருந்த அதே கோட்டு சூட்டு. நேரில் அது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பெர்சிடா காரின் பின்பக்கத்தைத் திறந்து, என்னைக் கேட்காமலே நிரப்பிக்கொண்டிருந்தாள். பன்றியின் பின்னங்கால் ஒன்று முழுசாக, ஒரு வாளி பாலாடைக் கட்டி, ஆறு வளைய ரொட்டி.

“இதெல்லாம் எதுக்கு அக்கா?”

“பந்தியில மிஞ்சினது வீட்டுல தங்கக் கூடாது தம்பி. வழியில பாக்கறவங்களுக்குக் கொடுங்க. திருப்பி மட்டும் கொண்டு வந்துராதீங்க, அண்ணனுக்குச் சேராது.”

வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் முந்தின நாள் பந்தியில் சாப்பிட்டவர்கள். வயிற்றைத் தடவிக் காட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்து எல்லைச் சாவடியில் பதினாலு கார் நின்றது, பல்கேரியாவின் விடின் நகரில் மலிவாகச் சாமான் வாங்கப் போகிறவர்கள். திராய்லோ பாஸ்போர்ட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, வெற்றுப் பக்கமாகப் பார்த்து விரலை அடையாளம் வைத்திருந்தார். முத்திரை குத்த இடம் தேட வேண்டாமாம்.

“எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி,” என்றார். “அவ பேச்சு தாங்க முடியாமதான் வரேன்.”

“சரிண்ணே.”

“வாசல் பேரைச் சுரண்டுவாளா?”

“தெரியலண்ணே. கோவமாத்தான் இருந்தாங்க.”

“சுரண்டுவா,” என்றார்.

பல்கேரியச் சாவடியில் பாஸ்போர்ட் ஜன்னலுக்குள் ஓர் இளைஞன் இருந்தான். அவன் பல்கேரிய மொழியில் பேசினான், இவர் செர்பிய மொழியில் பேசினார், இரண்டு பேருக்கும் விளங்கியது. பாஸ்போர்ட்டையும் அட்டையையும் இயந்திரத்தில் காட்டிவிட்டுத் திருப்பி நீட்டினான்.

“போகலாம்.”

திராய்லோ விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து மறுபடி உள்ளே தள்ளினார். “முத்திரை?”

“உங்களுக்கு முத்திரை கிடையாதுங்க. ஆஸ்திரியா வசிப்பு அட்டை இருக்கில்ல. முத்திரையெல்லாம் வெளியாளுங்களுக்குத்தான்.”

“நான் வெளியாளுதான்யா.”

“இல்லீங்க. நீங்க எங்காளு.”

“முப்பத்தோரு வருஷத்துல இதை ஒருத்தன் சொன்னதில்ல,” என்று என்னிடம் திரும்பினார். “இன்னைக்குப் பாத்துச் சொல்றான்.” மறுபடி ஜன்னலுக்கு: “தம்பி, நீங்க நல்லா இருப்பீங்க. நாளையோட எனக்குப் பன்னெண்டு மாசம் முடியுது. நான் இங்க வந்தேங்கிறதுக்கு ஒரு காகிதம் வேணும். சின்னதாக் குத்துங்க, ஓரமாக் குத்துங்க.”

“குத்தினா தப்பாயிரும்ங்க. எங்க கம்ப்யூட்டருல இருக்கு.”

“கம்ப்யூட்டர நான் எப்படி வியன்னாவுக்குத் தூக்கிட்டுப் போறது?”

பின்னால் கார்கள் ஒலியெழுப்பத் தொடங்கின. நான் வண்டியை நகர்த்தினேன். திராய்லோ பாஸ்போர்ட்டைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். கடைகளில் ரசீது வாங்கலாம், அதில் தேதி இருக்கும், பெயர் இருக்காது. பெயர் போட்டுத் தருகிற அலுவலகம், வங்கி எதுவும் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவரே யோசித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

அடுத்த பத்தடியில் சுங்கம். ஐம்பது வயதுப் பெண் அதிகாரி, கலைந்த நரைமுடி, கையில் ரப்பர் உறை. பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். திறந்ததும் பூண்டு மணம் சாவடி முழுக்கப் பரவியது.

“இது என்ன?”

“பன்னிக்காலு,” என்றார் திராய்லோ.

“அது தெரியுது. யாருக்கு?”

“யாருக்கு வேணா. கருமாதிச் சாப்பாடு.”

அவள் முகம் சற்று இளகியது. அவருடைய கறுப்பு சூட்டைப் பார்த்தாள். “மன்னிச்சுக்குங்க. யார் தவறிட்டாங்க?”

“நான்தான்.”

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. ரப்பர் உறையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, “வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள் எதுவும் உள்ள வரக் கூடாதுங்க. எடுத்துக்கணும். ரொட்டிய மட்டும் கொண்டு போகலாம். பறிமுதல் படிவம் எழுதணும், பாஸ்போர்ட்டக் கொடுங்க,” என்றாள்.

திராய்லோவின் கை கோட்டுப் பையிலேயே நின்றது.

“படிவமா? என்ன எழுதுவீங்க அதுல?”

“உங்க பேர், பாஸ்போர்ட் நம்பர், தேதி, நேரம், எந்தச் சாவடி, என்ன பொருள்.”

“முத்திரை?”

“முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. ஒரு நகல் உங்களுக்கு.”

திராய்லோ என் தோளைப் பிடித்துக்கொண்டார். முழங்காலுக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். “எல்லாத்தையும் எடுத்துக்குங்கம்மா!” என்றார். “தம்பி, அந்த வாளியையும் இறக்கு. மூலையில ஏதாவது இருக்கா பாரு. சட்டமா நடக்கட்டும்.”

இப்படி மகிழ்ச்சியாகப் பறிகொடுத்தவரை அவள் அதுவரை பார்த்திருக்க மாட்டாள். மேசையில் படிவத்தை விரித்து எழுதினாள். பன்றிக்கால் ஒன்று, ஐந்து கிலோ எழுநூறு. பாலாடைக் கட்டி, நான்கு கிலோ. திராய்லோ ஒவ்வொரு வரியையும் அவள் தோளுக்கு மேலாகப் படித்து, “சரி, சரி,” என்றார்.

“நிரந்தர முகவரி?”

நான் திராய்லோவைப் பார்த்தேன். அவர் வந்த வழியைப் பார்த்தார். ஆற்றுக்கு அப்பால் எங்கள் மேடு வெயிலில் தெரிந்தது. வீட்டுச் சிங்கங்கள் இங்கிருந்து தெரியாது, கல் ஒருவேளை தெரியலாம். தெருப்பெயரே இல்லாத ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரும் வீட்டு நம்பரும் சொன்னால் முடிந்தது.

அவர் வியன்னா முகவரியைச் சொன்னார். தெரு, கட்டட எண், படிக்கட்டு இரண்டு, மூன்றாவது மாடி, கதவு பதினேழு, தபால் எண். மூச்சுவிடாமல், பாடம் ஒப்பிப்பதுபோல. அவள் எழுதி முடித்ததும், “கதவு பதினேழு, சரியாப் போட்டீங்களா?” என்று ஒருமுறை கேட்டார்.

கையெழுத்து, முத்திரை. முத்திரை விழுந்த சத்தத்துக்கு அவர் கண்ணை மூடித் திறந்தார். நகலை வாங்கி ஊதினார், மை காயட்டும் என்று. பிறகுதான் அவள் பன்றிக்காலைக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டப் போவதைப் பார்த்தார்.

“இதை என்னம்மா பண்ணுவீங்க?”

“எரிச்சுருவோம். சட்டம் அப்படி.”

“யாரும் தின்ன மாட்டீங்களா?”

“தொடக் கூடாதுங்க.”

அவர் முகம் சுருங்கியது. வாய்க்குள்ளேயே, வ்லாக் மொழியில், தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: “அப்ப சேராது. ஒரு முழுக் காலு. சேராது.”

அவள் கை பையின் கழுத்தில் நின்றது. நிமிர்ந்து, வ்லாக்கிலேயே கேட்டாள்: “நீங்க எந்த ஊரு ஐயா?”

திராய்லோ ஊர்ப் பெயரைச் சொன்னார்.

“எங்க அம்மாவும் உயிரோட இருக்கிறப்பவே பண்ணிக்கிட்டாங்க. இதோ பக்கத்துல, ப்ரெகோவோவுல,” என்றாள். பாஸ்போர்ட் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வதுபோல் மார்போடு பிடித்து, தலையைத் தாழ்த்திச் சொன்னாள்: “போக்தப்ரோஸ்தே.”

“வாளிக்கு?” என்றார் திராய்லோ.

வாளிக்கும் ஒருமுறை சொன்னாள்.

ப்ரெகோவோவில் முதல் காப்பிக் கடையில் நிறுத்தினோம். ரொட்டிகளைக் கடைக்காரருக்கும் இரண்டு கிழவர்களுக்கும் கொடுத்து, அவர்களிடமும் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

“முத்திரை குத்தினாங்களா?” ஃப்ளோரிகா.

“பாஸ்போர்ட்டுல குத்தல. என் பன்னிக்காலைப் பிடுங்கிக்கிட்டாங்க.”

“என்னய்யா உளர்றே? இன்னும் போதை தெளியலையா?”

“பறிமுதல் படிவம், ஃப்ளோரிகா. பேர், தேதி, நேரம், நம்பர், முத்திரை எல்லாம் இருக்கு. பத்து மணி நாப்பது நிமிஷம்.” காகிதத்தைக் கையை நீட்டிப் பிடித்துத் தொடக்கத்திலிருந்து படித்துக் காட்டினார். பன்றிக்கால் எடையையும் விடவில்லை. முகவரி வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது. படிக்கட்டு இரண்டு, மூன்றாவது மாடி, கதவு பதினேழு.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது.

“அவங்களா எழுதினாங்களா, நீ சொன்னியா?”

“நான்தான் சொன்னேன்.”

“ம்.” குழாயை மூடினாள். “இனி இன்னொரு பன்னெண்டு மாசம் அங்கயே உக்காரலாம்னு கணக்குப் போடறியா?”

“நாளைக்கு பஸ்ஸு இருக்கு.”

“கல்லு?”

“அது எங்கயும் போகாது.” திராய்லோ காகிதத்தை நான்காக மடித்து, அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்தார். “வாசல்ல பேரைச் சுரண்டிட்டியா?”

“சுரண்டப் போனேன்.”

“அப்புறம்?”

“மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடி கழல மாட்டேங்குது,” என்றாள் ஃப்ளோரிகா. “நீ வந்து கழட்டிக் கொடு.”